சகன் வைக்க ஓர் இடம்

786
மேலப்பாளையம், 8.1.1968

பிரிய மாப்பிள்ளை நம்பிராஜனுக்கு, நாகூர் மீரான் எழுதுவது. இங்கு சுகம். நீரும் தங்கச்சி கோமதியும் சுகமென நம்புகிறேன்.

28ஆம் தேதி திண்டுக்கல் தோல் வியாபாரிகளைக் கூட்டிக்கொண்டு பம்பாய் வருகிறேன். நம் தாராவி தோல் ஷெட்டில் உட்கார வைத்தால் நாற்றத்துக்கே ஓடிவிடுவார்கள். கூட்டத்துக்கு நல்ல ஹாலாகப் பாரும். எங்கள் ஆட்கள் வாய்ப்பேச்சைப் பேச்சாக எடுக்க மாட்டார்கள் என்பது உமக்குத் தெரியும். ஒரே சகன் தட்டில் எல்லார் கையும் விழுந்து பிரியாணி தின்றால்தான் வியாபாரம் முடிந்ததாக அர்த்தம். சமையற்கட்டு முக்கியம்.

துஆவுடன்,
மீரான்

முருகன் துணை
தாராவி, 12.1.1968

அன்புள்ள மச்சானுக்கு வணக்கம்.

மாட்டுங்காவில் நம்மாட்கள் ஹால் விசாலம். ஆனால் பூண்டு வாசனைக்கே முகம் சுளிக்கிறவர்கள், இறைச்சியை வாசற்படி ஏற்றுவார்களா? செம்பூரில் காட்டியது கோழிக்கூண்டு. தாதரில் ஒரு ஹால் எல்லாவற்றுக்கும் தோதாக இருக்கிறது, பின்னால் அடுப்பும் உண்டு.

ஆனால் திரும்பும்போது தெருவில் நாலு மராத்திப் பையன்கள் மறித்து, "மத்ராஸி க்யா?" என்றார்கள். "ஆமா" என்றேன். ஒருவன் சிரித்துக்கொண்டே என் சட்டைப்பைப் பேனாவை எடுத்துக்கொண்டான். எதிரே வெயிலுமுத்துவின் இட்லிக் கடைக்குப் பலகை அடித்திருக்கிறது. அவர் எங்கே என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு பயமாக இருக்கிறது மச்சான். கூட்டத்தை மாட்டுங்காவிலும் சாப்பாட்டை ஷெட்டிலும் வைத்துக்கொள்வோமா?

தங்கள்,
நம்பிராஜன்

786
மேலப்பாளையம், 16.1.1968

மாப்பிள்ளை,

பேனா போனதற்கா இந்த ஒப்பாரி? அந்த ஊரில் தலை நரைத்தவன் நான். விருந்தாளியை ஒரு வாசலில் பேச வைத்து இன்னொரு வாசலில் தின்னச் சொன்னால் காறித் துப்புவார்கள். இந்த வியாபாரம் கைநழுவினால் ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான். தாதர் ஹாலையே பேசி முடித்துவிடும். வருகிறவர்களுக்குத் தமிழ் தவிர வேறெதுவும் வாசிக்க வராது. வாசலில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதித் துணி கட்டும்.

மீரான்

முருகன் துணை
தாராவி, 20.1.1968

அன்புள்ள மச்சானுக்கு,

தாதரை முடித்துவிட்டேன். துணி கட்டினால் கல் விழும் என்றார் ஹால்காரர். நீங்கள் வந்து சேரும்வரை அதனடியில் நானே நிற்பதாகச் சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். கோமதி என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நீங்கள் வந்து இரண்டு வார்த்தை கேலி பேசினால் சிரித்துவிடுவாள். சீக்கிரம் வாருங்கள்.

நம்பிராஜன்

தாராவி, 6.2.1968

நாகூர் மீரான் அண்ணனுக்குக் கோமதியம்மாள் எழுதுவது.

ஊர் போய்ச் சேர்ந்து நீங்கள் போட்ட கடிதம் கிடைத்தது. உங்கள் மாப்பிள்ளை இன்னும் ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறார்கள். அந்தத் துணிக்கடியில் நிற்கையில் தலையில் பட்ட கல்லடி, நினைவு திரும்பவில்லை.

தாதர் ஸ்டேஷனில் இறங்கியதும் கலாட்டா என்று கேள்விப்பட்டு, விருந்தாளிகளை மாட்டுங்காவுக்குக் கூட்டிப்போனதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே சாம்பார் சாதம் சாப்பிட்டே வியாபாரம் முடிந்ததாம். நல்லது. ஸ்டேஷனுக்கும் அவர்கள் நின்ற தாதர் ஹாலுக்கும் கூப்பிடு தூரம். ஒரு ஆளை அனுப்பி, "வீட்டுக்குப் போ" என்று சொல்லியிருக்கலாம். நீங்கள் வராமல் அவர்கள் நகர மாட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

கண் முழித்தால், "மச்சான் வந்தாகளா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ரயிலே வரவில்லை என்று சொல்லிவிடுவேன். அதை மாற்றிச் சொல்ல நீங்கள் இங்கே வர வேண்டாம்.

கோமதியம்மாள்