சத்தியமா நன்னாரிதான் சார்

மார்ச் 4, செவ்வாய்

சுவாதிக்கு மூன்றாம் மாதம். இட்லி நிற்கவில்லை, கஞ்சி நிற்கவில்லை, இன்று மோரும் வெளியே. "எது உள்ளே நிக்குதோ அதைக் குடுங்க" என்கிறார் டாக்டரம்மா. எது நிற்கும் என்பதுதானே கேள்வி?

சாயங்காலம் அவளே கேட்டாள்: நன்னாரி சர்பத். பாட்டில் வாங்கிவந்தேன். மூடியைத் திறந்ததுமே பாத்ரூமுக்கு ஓடினாள். "எசன்ஸ் வாசம்ங்க. நெஜ வேர்ல போட்டுக் குடுங்க."

மார்ச் 6

வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். எல்லாரும் 'போலி, ஜாக்கிரதை' என்கிறார்கள். அசல் எப்படி இருக்கும் என்பதை மட்டும் ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள். போகட்டும். கம்பெனியில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். என்னை ஏமாற்றி ஒரு பிஸ்டன் வெளியே போனதில்லை. வேர் எம்மாத்திரம்?

மார்ச் 9, ஞாயிறு

ஓசூர் பஜாரில் லால் பாஷா பாயின் நாட்டு மருந்துக் கடை. அவர் எடுத்துப்போட்டது குச்சி குச்சியாக, கறுப்பாக, மண்ணோடு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கனத்தில் இருந்தது. பையிலிருந்த வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்தேன்.

"என்ன தம்பி பண்றே?"

"ஒண்ணுகூட ஒரே சைஸ்ல இல்லியே பாய்."

"கீறி மோந்து பாருப்பா. மூக்கு இல்லியா ஒனக்கு?"

முகர்ந்தேன். நல்ல வாசனைதான். ஆனாலும் ஃபினிஷிங் சரியில்லை. ரிஜெக்ட் என்றேன்.

"நோன்பு வெச்சிருக்கேன், திட்டக் கூடாது. பெருநாளைக்கு அப்புறம் வா, திட்டுறேன்."

மார்ச் 11

பர்கூர் பக்கம் சப்ளையர் ஆடிட். திரும்பும்போது, ரோட்டோரம் குடைக்கு அடியில் ராமப்பன் என்று ஒருத்தர் வேர் விற்றுக்கொண்டிருந்தார். பருமனாக, சுத்தமாக, வரிசையாக — வேரென்றால் இது! வெர்னியரைப் பார்த்ததும் அவர் எழுந்தே நின்றுவிட்டார். "சார் கையப் பாத்தாலே தெரியுது, சரக்கு தெரிஞ்சவருன்னு." ஒரு பை நிறைய வாங்கினேன்.

மார்ச் 12

வேரைக் கொதிக்கவைத்தேன். வீடு முழுக்க மூட்டைப்பூச்சி நசுக்கிய நாற்றம். சுவாதி துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்கே போய்விட்டாள்.

ஆனேக்கல்லிலிருந்து வந்திருக்கும் மாமியார் நஞ்சம்மா எட்டிப் பார்த்தார். "இது நன்னாரி அல்ல மாப்ளே. மாகாளி பேரு."

"யாரோட பேரு?"

"பேரு மாப்ளே, பேரு!" என்று பையிலிருந்து ஒன்றை எடுத்து ஆட்டினார். கன்னடத்தில் வேருக்குப் பேர் பேரு! ஊறுகாய் போடுகிற மாகாளிக்கிழங்கை நன்னாரி என்று என் தலையில் கட்டியிருக்கிறான். அவன் எங்கே கட்டினான்? நானேதானே அளந்து வாங்கினேன்.

மார்ச் 13

சுவாதிக்கு டிரிப்ஸ் ஏற்றினார்கள். கை குச்சியாக இருக்கிறது. "அந்தப் பிஸ்டன் வேர் எங்கே?" என்று என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 20

மாமியார் மிச்ச வேரை வீணாக்கவில்லை. தோல் சீவி, நடு நரம்பை எடுத்து, நறுக்கி, உப்பும் கடுகும் மிளகாயும் சேர்த்து மோரில் ஊறப்போட்டிருந்தார். இன்று ஜாடியைத் திறந்தபோது நான் ஜன்னலைத் திறந்தேன்.

சுவாதி வந்தாள். முகர்ந்தாள். ஓடப்போகிறாள் என்று வழிவிட்டேன்.

"அம்மா, தயிர்சாதம் இருக்கா?"

சாப்பிட்டாள். உட்கார்ந்தே இருந்தாள். நாங்கள் இருவரும் மூச்சுவிடாமல் அவள் வாயையே பார்த்தோம். "என்னாத்துக்கு இப்பிடிப் பாக்கறீங்க?" என்று கேட்டாள்.

நின்றது!

ஏப்ரல் 2, புதன்

பெருநாள் முடிந்தது. லால் பாஷாவிடம் போனேன். சொன்ன சொல் தவறாதவர், நன்றாகத் திட்டினார். பிறகு அசல் நன்னாரியைக் கட்டிக் கொடுத்தார். பக்குவமாக சர்பத் போட்டேன். என்ன மணம்! சுவாதி ஒரு வாய் குடித்தாள், ஓடினாள்.

மிச்சத்தை நானும் மாமியாரும் குடித்தோம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஜாடி காலி. பர்கூருக்கு நானே வண்டியில் போனேன்.

"மாகாளி வேணும்ண்ணா."

ராமப்பன் நெஞ்சில் கைவைத்தார். "மாகாளியா? அந்த ஏமாத்து வேலையே நம்மகிட்ட இல்ல சார். நன்னாரி மட்டுந்தான்."

"அன்னிக்குக் குடுத்தீங்களே, அதே நன்னாரி?"

எடுத்தார். மாகாளியேதான்.

"இது மாகாளிதானே?"

"சத்தியமா நன்னாரிதான் சார்!"

"மாகாளின்னு சொல்லுங்க, ரெண்டு கிலோ எடுத்துக்கறேன்."

ரோட்டை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. ரொம்ப யோசித்தார்.

"ஒரு கிலோ வேணா மாகாளியா இருக்கலாம் சார்."

ஏப்ரல் 19

ஸ்கேன். குதிரை ஓடுகிற மாதிரி இதயத்துடிப்பு. டாக்டரம்மா வால்யூமைக் கூட்டினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஏசி காற்று என்று சொல்லிவைத்தேன்.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது சுவாதி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"பசிக்குதுங்க."