தூசி பார்க்க வந்தவர்கள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் செல்லக்குட்டியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். உன் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் என்னைப் பேச விடுகிறாள், உன்னிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வேறு வழியில்லை.

அடுத்த மாதம் குழந்தையைக் கொண்டுவந்து எங்களிடம் ஒரு வருஷம் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பப் போவதாகச் சொன்னாய் அல்லவா, அன்றிலிருந்து உன் அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. உன் அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று, குழந்தை உருண்டு விழாமல் இருக்கக் கட்டிலுக்குத் தடுப்புப் பலகை வைத்தாயிற்று, அளவு பார்க்கிறேன் என்று என்னையே அதில் படுத்து உருளச் சொன்னாள். அந்த விஷயமாகத்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் நேராக அதற்குப் போகக் கை வரவில்லை, அதனால் நம் வாலுவின் கதையை முதலில் சொல்கிறேன்.

உன் அண்ணன் மகனுக்கு வாலு என்று பேர் வைத்ததே நீதான். நான் ஓட்டுகிற பள்ளிக்கூட வேனில் அவன் ஏறினால் மற்ற பிள்ளைகளின் சாப்பாட்டுப் பை ஒன்றும் ஒழுங்காக ஊர் போய்ச் சேராது, அப்படிப்பட்டவன் இப்போது ஏறியதும் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுகிறான். அடிக்கடி வயிறு வலிக்கிறது என்கிறான், தெரிந்த எழுத்தையே மறந்துவிட்டு நிற்கிறான். நாங்கள் முதலில் பள்ளிக்கூடம் போகப் பயந்து நடிக்கிறான் என்று திட்டினோம், பிறகு வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தோம். கடைசியில் சுகாதார நிலையத்து டாக்டரம்மா நம் தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தாள். எல்லாப் பிள்ளைகள் ரத்தத்திலும் ஈயம், சிலருக்கு ரொம்ப அதிகம், அதில் நம் வாலுவும் ஒருவன். தெருக்கோடியில் பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்குகிற பட்டறை இருக்கிறதே, நீ போன பிறகு அது மூன்று மடங்கு பெரிதாகிவிட்டது, அங்கிருந்து வருகிற தூசிதான் காரணமாம். பிள்ளைகள் தரையில் விளையாடுகிறார்கள், கையை வாயில் வைக்கிறார்கள், அவ்வளவுதான், வேறொன்றும் வேண்டியதில்லை. மருந்து கேட்டதற்கு, "தூசி வர்ற வழியை அடைக்காம மருந்து கொடுத்துப் பிரயோஜனமில்ல, மூளையில ஏற்கெனவே ஆன சேதத்தை யாராலும் திருப்ப முடியாது"ன்னு பட்டென்று சொல்லிவிட்டாள். அங்கே வேலை செய்கிறவர்களின் சட்டையோடு வீட்டுக்குள் வருகிற தூசியும் சேர்த்தி என்றாள். உலைக்குப் பக்கத்தில் நிற்கிறவன் உன் அண்ணன், அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது அவன் கொல்லையிலேயே குளித்து வேறு துணி மாற்றிக்கொண்டுதான் உள்ளே வருகிறான், அதுவரைக்கும் அப்பா அப்பா என்று ஓடுகிற பிள்ளையை உன் அண்ணி இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறாள். வேலையை விடடா என்று சொல்லிப் பார்த்தேன். விட்டுவிட்டு எங்கே போவது என்று கேட்டான்.

டாக்டரம்மா சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். பட்டறைகள் வீடுகளிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி இருக்க வேண்டும் என்று சட்டம் எழுதுகிற குழு ஒன்று இருக்கிறதாம், அவர்களுக்கு எழுதி, நேரில் போய்க் காத்திருந்து, ஒரு வழியாக நம் தெருவைப் பார்க்கச் சம்மதிக்க வைத்தாள். "அவங்க கெட்டவங்க இல்ல, அவங்களுக்குத் தெரியல, கண்ணால பார்த்தா புரிஞ்சுக்குவாங்க"ன்னு எங்களிடம் சொன்னாள். எங்களுக்கும் நம்பிக்கை வந்தது. பெரிய மனுஷர்கள் வருகிறார்கள் என்றதும் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா, தெருவைக் கழுவினோம். வீட்டுக்கு ஆள் வந்தால் கூட்டிப் பெருக்கித்தானே பழக்கம், குப்பையோடு யாரையாவது வா என்று கூப்பிட்டிருக்கிறோமா. உன் அம்மாதான் தளபதி, வீட்டுக்கு ஒருவர் துடைப்பத்தோடு வர வேண்டும் என்று உத்தரவு. நான் வேன் கழுவுகிற குழாயை எடுத்துக்கொண்டு போய்ச் சுவர், வாசல், மரத்து இலை வரைக்கும் அடித்துக் கழுவினேன். பட்டறை முதலாளி ஒரு லாரித் தண்ணீர் அனுப்பினார், அவர்கள் வருகிற நாளில் பட்டறைக்கும் லீவு விட்டார், எவ்வளவு நல்ல மனுஷர் என்று வாய் நிறையப் பேசினோம். கூட்டாதீர்கள் என்று டாக்டரம்மாவும் சொல்லி வைக்கவில்லை, யாருக்குத்தான் அப்படிச் சொல்லத் தோன்றும். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

வந்தார்கள். உலை அணைந்திருந்தது, புகை இல்லை. பிள்ளைகள் தலை வாரி, பாலிஷ் போட்ட ஷூவோடு வரிசையாக நின்று ஒரு பாட்டுகூடப் பாடினார்கள். டாக்டரம்மா நம் ஜன்னல் விளிம்பில் விரலை வைத்து இழுத்து அவர்களிடம் காட்டப் போனாள், விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள் பார், எனக்கு அப்போதுதான் உறைத்தது. ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டினாள், அவர்கள் தாளைப் பார்த்தார்கள், பிள்ளைகளைப் பார்த்தார்கள், பிள்ளைகளைத்தான் நம்பினார்கள். குழுத் தலைவி தங்கமான மனுஷி, வாலுவின் கன்னத்தைத் தட்டி, "எங்க தெருவை விட உங்க தெரு சுத்தமா இருக்கே"ன்னு மனசாரச் சொன்னாள். பிறகு என்னிடம் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டாள். உன் அண்ணன் என் பக்கத்தில் நிற்கிறான், அவனுக்குப் பக்கத்தில் முதலாளி நிற்கிறார். "நல்லா இருக்காங்கம்மா"ன்னு என் வாய் சொல்லிவிட்டது. யாராவது அப்படிக் கேட்டால் வேறு என்ன சொல்வோம், சொல்லு. மென்று முழுங்கி வேறு ஏதாவது சொல்வதற்குள் அவர்கள் காரில் ஏறிவிட்டார்கள்.

போன வாரம் அவர்கள் முடிவு வந்தது. இந்தத் தெருவாசிகள் சுத்தமாகத்தான் இருக்கிறார்களாம், பட்டறையை நகர்த்த இப்போது அவசியம் தெரியவில்லையாம், தாய்மார்களுக்குக் கை கழுவுவது பற்றி விழிப்புணர்வு முகாம் நடத்துவார்களாம், ஆளுக்கொரு சோப்பும் உண்டாம். டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு, "விழிப்புணர்வு அவங்களுக்கு வரணும்னுதான் நான் அலைஞ்சேன்"னு சொல்லிச் சிரித்தாள், அந்தச் சிரிப்பை நீ கேட்டிருக்கக் கூடாது. மறுபடி வரச் சொல்லி எழுதியிருக்கிறாள், ஒரு முறை பார்த்த இடத்துக்குத் திரும்ப வருவது வழக்கமில்லை என்று பதில் வந்திருக்கிறது. இந்த வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்றால் விஷயம் தெரிந்தவன் வாங்க மாட்டான், தெரியாதவனுக்கு விற்றால் அவன் வீட்டிலும் பிள்ளை இருக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான் மகளே. அவர்கள் வந்து போன மறுநாளே பட்டறை திறந்துவிட்டது, துடைத்த ஜன்னல் சாயங்காலமே சாம்பல் நிறமாகிவிட்டது, தினமும் துடைத்தால் போதும் என்று உன் அம்மா நம்புகிறாள், இப்போது வந்து பார்க்க யாரும் இல்லை.

அதனால் சொல்கிறேன், குழந்தையை இங்கே கூட்டி வராதே. ஒரு வருஷம் வேண்டாம், ஒரு வாரமும் வேண்டாம். பெற்ற மகளை வீட்டுக்கு வராதே என்று எழுதுகிற அப்பனை நீ எப்படி நினைத்தாலும் சரி. குழந்தையைப் பார்த்துக்கொள்ள உனக்கு அங்கே ஆள் இல்லை என்பதும் எனக்குத் தெரியும், அதற்கு வழி சொல்லவும் என்னிடம் ஒன்றும் இல்லை, மாப்பிள்ளையோடு பேசி முடிவெடு. குழந்தையை அள்ளி ஒரு முத்தம் கொடுக்க எனக்கு மட்டும் ஆசை இல்லையா.

நீங்கள் மூவரும் நோய்நொடி அண்டாமல் நூறு வயசு வாழ அப்பாவின் ஆசீர்வாதம். வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. அவள் உன்னை நாலு திட்டுத் திட்டுவாள், வாங்கிக்கொள். தான் பெருக்கி வைத்த வீட்டில் தன் பேரப்பிள்ளையைத் தரையில் விடக்கூடாது என்று அவளிடம் சொல்ல என்னால் முடியவில்லை.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அப்பா