நீ என்னிடம் மட்டும் சொன்னது

இன்று காலை பக்கத்து வீட்டுப் பெண் கோர்ட்டிலிருந்து வந்த சம்மனை எடுத்துக்கொண்டு வந்தாள். ஏதோ அடிதடி கேஸில் அவள் கணவன் மாட்டியிருக்கிறான். படித்துச் சொன்னேன். "பயமில்லக்கா. வீட்டுக்காரர் என்கிட்ட சொன்னத நான் கோர்ட்டுல சொல்ல வேணாமாம். புருஷன் பொண்டாட்டிக்குள்ள பேசிக்கிட்டதக் கேக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்காம். வக்கீல் சொன்னாரு" என்றாள். காகிதத்தை அவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் எனக்கு இது தெரியாது.

மாதேஸ்வரன் மலையில் நீ என் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டியபோது நமக்கு இருபத்திரண்டு வயது. கூட யாரும் இல்லை. கயிற்றை ரவிக்கைக்குள் மறைத்துக்கொண்டு மைசூருக்கு பஸ் ஏறினோம். தேவராஜ மொஹல்லா சந்தில் ஒற்றை அறை. ஒரே ஊதுபத்தி கம்பெனியில் இருவருக்கும் வேலை. கேட்டவர்களிடம் "ஒரே ஊர்க்காரங்க" என்றோம். ஒன்பது வருஷம் அப்படியே ஓடியது.

அன்று எனக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. சாயங்காலம் நீ செருப்பில்லாமல் ஓடிவந்தாய். "மேஸ்திரி மாடிப்படியில என்ற கையப் புடிச்சான் புள்ள. உதறித் தள்ளிப்போட்டேன். உருண்டு விழுந்தவன் எந்திரிக்கவே இல்ல." உனக்குப் பல் கிடுகிடுத்தது. என் போர்வையை எடுத்து உனக்குப் போர்த்தினேன்.

மேஸ்திரி செத்துப்போயிருந்தான். படியில் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. ஆனால் நீ அழுதுகொண்டே என்னிடம் ஏதோ சொன்னதைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் போலீஸிடம் சொல்லிவிட்டார்கள். என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். உனக்கு நான் என்ன வேண்டும் என்று ஜட்ஜ் கேட்டார். "கூடத் தங்கியிருக்கேன்" என்றேன். "நிமகே ஏனு ஹேளிதளு?" உங்களிடம் அவள் என்ன சொன்னாள் என்று அரசு வக்கீல் கேட்டார். உன்னைப் பார்த்தேன். சொல்லு என்று தலையசைத்தாய். உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நாம் இருவருமே நம்பினோம். ஒன்று விடாமல் சொன்னேன். நீ தள்ளியதை நம்பினார்கள். அவன் உன் கையைப் பிடித்ததை நம்பவில்லை. ஏழு வருஷம் போட்டார்கள்.

ஜெயில் வாசலில் ஒவ்வொரு முறையும், "சொந்தக்காரங்க இருந்தா வரச் சொல்லும்மா" என்று என்னைத் திருப்பி அனுப்பினார்கள். ஒரே ஒரு தடவை, வார்டர் அம்மா ஒருத்தி மனமிரங்கி உள்ளே விட்டாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நீ பாதியாக இளைத்திருந்தாய். "நான் வாயத் தொறந்திருக்கவே கூடாது" என்றேன். "உன்கிட்டச் சொல்லாம நான் வேற யார்கிட்டப் புள்ள சொல்லுவேன்?" என்றாய்.

மூன்றாம் வருஷம் உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. நம்மைப் பார்க்க ஒரு நாளும் வராத உன் அண்ணன் கையெழுத்துப் போட்டு உன் உடலை வாங்கிக்கொண்டு போனான். நான் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நின்றிருந்தேன். வண்டி என்னைத் தாண்டித்தான் போயிற்று.

அந்த அறையில் நீ என்னிடம் சொன்னவை இன்னும் எவ்வளவோ இருக்கின்றன. உன் அம்மாவைப் பற்றி, உன் பயங்களைப் பற்றி, என்னைப் பற்றி. அவற்றில் ஒரு சொல்லைக்கூட நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.