பின்காட்டுக்கு ஏற்ற துப்பாக்கி

என் செல்ல மகன் ரூடிக்கு அம்மா எழுதுவது. இதை எழுதும் நிமிடம் வரை நானும் உன் அப்பாவும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம், அப்படியே நீடிக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன். நீயும் கேரனும் சுகம்தானே, உன் இடுப்பு வலி தேவலையா, வயோமிங் காற்றில் குல்லா இல்லாமல் திரியாதே. இங்கே வேட்டைக் காலம் தொடங்குவதற்கு முந்தின நாளே முழங்கால் அளவு பனி கொட்டிவிட்டது. சவுனா நீராவி அறையின் புகைபோக்கியை உன் அப்பா சரி செய்துவிட்டார், சனிக்கிழமை தவறாமல் குளிக்கிறோம். தேவாலயத்து விருந்துக்கு நான்தான் ஏலக்காய் ரொட்டி சுட்டேன், ஒரு துண்டுகூடத் திரும்பி வரவில்லை. இதெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்பாய். போன் சமையலறைச் சுவரில் இருக்கிறது, உன் அப்பா மூன்று நாளாக அதன் கீழேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார், நான் என்ன பேச முடியும். பக்கத்து வீட்டு ஒன்னி தபாலாபீஸ் பக்கம் போகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். நன்றி நாள் விருந்துக்கு நீ வண்டி எடுப்பதற்குள் இது உன் கையில் கிடைத்துவிட வேண்டும் என்று ஆண்டவரை வேண்டிக்கொண்டே எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வரும்போது அப்பாவுக்கு, தூரத்தைக் கிட்டத்தில் காட்டுகிற பெரிய ஸ்கோப் மாட்டிய புதுத் துப்பாக்கி ஒன்று வாங்கி வருகிறேன், அவர் கண் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று போனில் சொன்னாயாமே. அவர் அதைக் கேட்டதிலிருந்து கல்யாண மாப்பிள்ளை மாதிரி வளைய வந்தார். உன் நல்ல மனது எனக்குத் தெரியாதா, ஆனால் அந்தத் துப்பாக்கியை வாங்காதே, வாங்கிவிட்டிருந்தால் கடையில் திருப்பிக் கொடு. நீ இருக்கும் இடத்தில் கண்ணுக்கு எட்டிய வரை ஒரு மரம் கிடையாது, மான் அடுத்த மாவட்டத்தில் நின்றாலும் தெரியும், அதற்கு அது சரி. நம் பின்காடு உனக்கு மறந்து போகவில்லையே. தேவதாரு மரங்கள் பஸ்ஸில் நிற்கிற ஜனம் மாதிரி நெருக்கிக்கொண்டு நிற்கிற சதுப்பு, இரண்டு அடிமரங்களுக்கு நடுவில் ஒரு காது தெரியும், ஒரு கால் தெரியும், தும்மி முடிப்பதற்குள் அதுவும் போய்விடும். அங்கே நீளக் குழலைத் திருப்பினால் கிளையில் மாட்டும், ஸ்கோப்பின் மேல் பனி விழும், மூச்சுப் பட்டு மங்கும், அப்படியே தெளிவாக இருந்தாலும் அத்தனை கிட்டத்தில் பார்த்தால் தெரிவது வெறும் ரோமம்தான், அது மானின் தோளா தொடையா என்று ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். கனமான குண்டு புதரைப் பிய்த்துக்கொண்டு நேராகப் போகும் என்று ஒன்னி பீற்றிக்கொள்வான், நம்பாதே, எந்தக் குண்டும் சுள்ளியில் பட்டால் தன் இஷ்டத்துக்குப் போகும். மான் மேல் படாமல் போகும் பெரிய குண்டு நம் சதுப்போடு நிற்காது, அந்தப் பக்கம் ஒன்னி வீட்டுக் கொடியில் துணி காய்கிறது, துணிக்குப் பக்கத்தில் ஆள் நிற்கும்.

இவ்வளவுதான் என்றால் துப்பாக்கி பற்றிய வழக்கமான வாய்ச்சண்டை என்று விட்டிருப்பேன். உன்னிடம் அவர் என்ன சொன்னார், குழல் நுனியில் குறி பார்க்க இருக்கிற மணி கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது, வயசு அப்படி, என்றுதானே. முழுசாகச் சொல்லவில்லை. நகரத்துக் கண் டாக்டர் கோடையிலேயே சொல்லிவிட்டார், பார்வையின் நடுவில் ஒரு புகை விழுந்திருக்கிறது, அது போகாது, வளரத்தான் செய்யும், ஓரங்கள் மட்டும் தெரிந்துகொண்டிருக்கும், நிறங்களும் மங்கும் என்று. எதை நேராகப் பார்க்கிறாரோ அதுதான் அவருக்கு மறைகிறது ரூடி. தட்டில் இருக்கிற மீனைப் பார்க்கத் தலையைச் சாய்த்துக்கொள்கிறார், என் முகத்தைப் பார்க்க என் காதைப் பார்க்கிறார். அதற்கு எந்தக் கடையில் ஸ்கோப் விற்கிறார்கள்? உன்னிடம் சொல்லக்கூடாது என்று என் கையைப் பிடித்து வாக்கு வாங்கினார். வாக்கை மீறிவிட்டேன், பரவாயில்லை, நடந்ததைக் கேட்டால் நீயும் பரவாயில்லை என்பாய்.

ராணுவத்தில் கழித்துக்கட்டின தன் பழைய நீளத் துப்பாக்கியில் மணி தெரியவில்லை என்று இந்த வருஷம் ஒன்னியிடம் ஸ்கோப் மாட்டினது ஒன்றை இரவல் வாங்கினார். முதல் நாள் விடியுமுன்பே போய் பழைய ரயில் பாதை மேட்டில், அவருடைய அடிக்கட்டையில் உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் நான் எப்போதும் போல இறைச்சி அடைத்த பாஸ்டி இரண்டு சுட்டு, செய்தித்தாளில் சுற்றி, ஆறாமல் இருக்க ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு, மேலே, மான் என்று யாரும் சுட்டுவிடாமல் இருக்க என் ஆரஞ்சு கோட்டைப் போட்டுப் பொத்தானெல்லாம் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஆரஞ்சு கோட்டு, நன்றாக நினைவில் வைத்துக்கொள். மேட்டை நெருங்கும்போது ஒரு கிளையை விலக்கினேன், எதிரே வட்டமாக ஒரு கறுப்புக் கண்ணாடி, அதில் வானத்தின் வெளிச்சம் ஒரு பொட்டு, அதன் கீழே குழலின் வாய். உன் அப்பாவின் முகம் தெரியவில்லை, துப்பாக்கிதான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓடினால் மான் என்று நினைப்பார், கத்தினால் திடுக்கிட்டு விரல் இழுத்துவிடும், கிளையைப் பிடித்த கையை விடவும் பயம். வெய்க்கோ என்று அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், குரல் எனக்கே கேட்கவில்லை, காற்று எதிர்க்காற்று. பாஸ்டியின் சூடு மட்டும் நெஞ்சில் சுட்டுக்கொண்டிருந்தது, அது இருக்கிற இடத்தில்தான் குண்டு படும் என்று தோன்றியது. மறுபடி கூப்பிட்டேன், மூன்றாம் தரமும் கூப்பிட்டேன், அப்புறம்தான் குழல் மெதுவாகக் கீழே இறங்கியது.

கிட்டே போனதும் பனியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் சாதாரணமாக, "நீதானான்னுதான் பாத்தேன்" என்றார். ஒன்னியும் அவன் கூட்டமும் செய்கிற அதே காரியம்தான், கழுத்தில் பைனாகுலர் தொங்காது, ஏதாவது அசைந்தால் துப்பாக்கியைத் தூக்கி ஸ்கோப் வழியாக என்னவென்று பார்ப்பது. பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று ஆளைக் குறி வைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது இவர்களுக்கு உறைப்பதே இல்லை. நான், "நான் இல்லேன்னு தோணியிருந்தா?" என்று கேட்டேன். அவர் பாஸ்டியைப் பிரித்துச் சாப்பிட்டார். நான் தொடவில்லை. சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, என்னைத்தான் கோபித்துக்கொண்டார். "வேட்டைக் காலத்துல ஆரஞ்சுக் கோட்டு இல்லாம காட்டுக்குள்ள வர்றியே, உனக்குப் புத்தி இருக்கா?" என்றார். கோட்டு என் மேல்தான் இருந்தது ரூடி, அவருக்குக் கை எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். நான் குனிந்து பொத்தானைப் பார்த்துக்கொண்டேன். சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அன்று அவர் சவுனாவில் இருக்கும்போது ஒன்னியின் துப்பாக்கியிலிருந்து போல்ட்டைக் கழற்றிவிட்டேன். அது இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் இரும்புக் குழாய். துணியில் சுற்றி மாவு டப்பாவின் அடியில் போட்டுவிட்டேன். நீளத் துப்பாக்கியின் போல்ட்டும் அங்கேதான் இருக்கிறது. மறுநாள் கிளம்பும்போது பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து வாயைத் திறந்து கேட்கவில்லை, கேட்டால் ஏன் எடுத்தாய் என்று கேட்க வேண்டி வரும், அதற்கு நான் பதில் சொல்லிவிடுவேன் என்று அவருக்குப் பயம். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து இழுப்பறைகளை உருட்டுகிறார், விறகுப் பெட்டியைக் கவிழ்க்கிறார், என் தையல் கூடையைக்கூட விடவில்லை. நேற்று வந்த ஒன்னி, "என்ன அண்ணி, அண்ணன் மானை விட்டுட்டு அலமாரியை வேட்டையாடுறாரு போல" என்று சிரித்தான். நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சோறு தண்ணி நடக்கிறது, உப்பு போதுமா, விறகு போதுமா என்பதற்கு மேல் பேச்சு இல்லை. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் இப்படி ஒரு மௌனம் நீ பார்த்திருக்க மாட்டாய், எனக்கு மூச்சு முட்டுகிறது.

இனிமேல் அவர் சுடக்கூடாது, இதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் குளிர்காலத்துக்கு இறைச்சி வேண்டும், காட்டுக்குப் போகாதே என்று அவரை வீட்டில் கட்டிப்போட்டால் பனி உருகுவதற்குள் ஆள் உருகிவிடுவார். அதனால் நான் சுடப்போகிறேன். சிரிக்காதே. அவர் மரம் அறுக்கும்போது கால் ஒடிந்து கிடந்த வருஷம் நீ கைக்குழந்தை, உன்னை ஒன்னியின் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போய் நான்தான் இரண்டு மான் கொண்டு வந்தேன். துப்பாக்கிதான் வேண்டும். நீளமானது எனக்குத் தூக்கவே முடியாது, ஒன்னியுடையது திரும்பப் போகவேண்டியது. புதுசு எதுவும் வேண்டாம். உன் வீட்டுச் சுவரில் அழகுக்கு மாட்டி வைத்திருக்கிறாயே, நீ வயோமிங் போகும்போது அப்பா கொடுத்தனுப்பிய லீவர் துப்பாக்கி, முப்பது-முப்பது தோட்டா போடுவது, அதைக் கொண்டு வா. நம் காட்டுக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது, குட்டையான குழல், கனமில்லை, கிளையில் மாட்டாது, லீவரைத் தள்ளினால் அடுத்த தோட்டா தயார், குண்டும் அளவாகத்தான் போகும். பின்பக்கம் வட்டத் துளை வைத்த குறியை மட்டும் உன் ஊர்க் கடையில் மாட்டிக்கொடுக்கச் சொல், துளை பெரிதாக இருக்கட்டும், இரண்டு கண்ணையும் திறந்தபடியே பார்க்கலாம், சுற்றிலும் யார் நிற்கிறார்கள் என்று தெரியும். நல்ல பைனாகுலர் ஒன்றும் வாங்கி வா, பார்ப்பதற்குப் பார்க்கிற சாமான், சுடுவதற்குச் சுடுகிற சாமான். ஒரே ஒரு சங்கடம், அதன் பின்பக்க மரக்கட்டை எனக்கு நீளம், தோளில் வைத்தால் விரல் விசைக்கு எட்டாது. அறுக்கத்தான் வேண்டும். நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது உனக்காக அதைக் கொஞ்சம் அறுத்துத் தரச்சொல்லி அழுதாயே, ரம்பம் பட்டால் அது துப்பாக்கி இல்லை, விறகு, என்று அவர் கத்தினது நினைவிருக்கிறதா. இப்போது அவரிடம் எப்படிக் கேட்பது என்றுதான் தெரியாமல் முழிக்கிறேன். நீயே அங்கே அறுத்துக் கொண்டுவந்துவிட்டால் திட்டை நாம் பாதிப் பாதியாக வாங்கிக்கொள்ளலாம்.

இதுவரை எழுதி மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன், ஒன்னி இன்னும் வரவில்லை, மறுபடி எடுத்து எழுதுகிறேன். இன்று காலை நான் கோழிக்குத் தீனி போட்டுவிட்டு உள்ளே வந்தால் உன் அப்பா அடுப்பில் பான்கேக் சுட்டுக்கொண்டிருக்கிறார். அவர் அதற்கு மாவை டப்பாவின் அடி வரை கையை விட்டுத்தான் அள்ளுவார், உனக்குத் தெரியும். போல்ட் கிடக்கிற அதே டப்பா. அவர் தட்டில் போட்டுக் கொடுத்தார், சாப்பிட்டோம். அவர் வெளியே போனதும் ஓடிப்போய்த் துழாவினேன், போல்ட் இரண்டும் இருந்தன, ஆனால் நான் சுற்றிய துணி இல்லை, எண்ணெய் தடவி, துருப்பிடிக்காமல் அவருடைய ஃபிளானல் துண்டில் சுற்றி, அதே இடத்தில் வைத்திருந்தார். நான் டப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதேன், சொல்லுவதற்கென்ன.

அழுது முடிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டார், கையில் சணல் கயிறு. வலது கையை நீட்டி மடக்கச் சொன்னார். முழங்கை மடிப்பில் ஒரு நுனியை வைத்து, விசையை இழுக்கிற ஆள்காட்டி விரலின் முதல் கணு வரைக்கும் இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்து முடிச்சுப் போட்டார். அளவுகோலில் இருக்கும் எண் இப்போது அவருக்குத் தெரிவதில்லை. "என் லீவரை எடுத்துட்டு வரச் சொல்லு. கட்டையை இந்த அளவுக்கு அறுத்துடச் சொல்லு, ஒரு நூல் கூட மிஞ்சக் கூடாது" என்றார். நான் எழுதிக்கொண்டிருப்பது எப்படித் தெரியும் என்று கேட்டேன். பேனா கீறுகிற சத்தம் அடுத்த அறை வரை கேட்கிறது என்றார். காது நன்றாக இருக்கிறது அவருக்கு. சதுப்பில் மான் எந்தப் பக்கம் வருகிறது என்று என் காதுக்குள் சொல்லுவாராம், நான் சுட வேண்டுமாம். அப்புறம் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்குக் கோட்டு போட்டிருந்தே, இல்ல?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ரொம்ப நேரம் கையை விடவில்லை.

கயிற்றை இந்தக் கடிதத்துக்குள் வைத்திருக்கிறேன், தொலைத்துவிடாதே, முடிச்சை இறுக்காதே, தளர்த்தாதே. கேரனுக்கு எங்கள் அன்பு. வண்டிச் சக்கரத்துக்குச் சங்கிலி எடுத்துக்கொள், மலைப்பாதையில் அவசரப்படாதே, ஆண்டவர் உங்கள் இருவரையும் பத்திரமாகக் கொண்டு வந்து சேர்க்கட்டும், உன் அப்பாவும் இதையே சொல்லச் சொன்னார். ஒன்று மறக்காதே. வந்து சேர்ந்ததும் எங்களைத் தேடிப் பின்காட்டுப் பக்கம் வருவாய், அங்கே ஒன்னியின் கூட்டமும் ஸ்கோப்போடு திரியும். ஆரஞ்சு கோட்டு போட்டுக்கொள், ஆனால் அதை நம்பாதே. கொட்டகையைத் தாண்டியதிலிருந்து ஏதாவது வாய்விட்டுப் பேசிக்கொண்டே வா. உன் குரலை அவர் எத்தனை தூரத்திலும் கண்டுபிடித்துவிடுவார்.

உன் அம்மா,
ஹில்மா