செயின் கைடு மாற்றிய வாரம்

வெள்ளி, ஜூன் 6

காலை நாலே முக்காலுக்குப் புறப்பாடு. அப்போதே புழுக்கம். மனைவி செல்வியோடு திருச்சி, டயாலிசிஸ். செவ்வாயும் வெள்ளியும், இது மூன்றாவது வருஷம்.

அவள் மெஷினில் இருந்த நாலு மணி நேரத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். டைமிங் செயின், டென்ஷனர், கைடு எல்லாம் ஒரே செட். பெட்டி மேல் தூசி. “பழைய ஸ்டாக்குங்க. அசல் ஒரிஜினல். இப்ப வர்றதெல்லாம் டூப்ளிகேட்டு” என்றான் கடைக்காரன். மனசு குளிர்ந்துவிட்டது. பேசி, இன்னும் குறைத்து வாங்கினேன்.

திரும்பும்போது செ. பின் சீட்டில் படுத்தே வந்தாள். மெத்தை, வாளி எல்லாம் அங்கேயே இருக்கிறது. வாடகைக் காரில் ஏறமாட்டாள். ஒரு முறை வாந்தி எடுத்தாள், அந்த டிரைவர் மூக்கைப் பொத்திக்கொண்டான். அன்றோடு சரி.

அவளைப் பெரம்பலூரில் வீட்டில் இறக்கிவிட்டு, காரை அரியலூருக்கு ஓட்டிப்போய் மெக்கானிக் ஆரோக்கியத்தின் ஷெட்டில் விட்டேன்.

“வண்டில என்னண்ணே கம்ப்ளெயிண்ட்டு?”

“ஒண்ணும் இல்ல. செயின் கைடு மாத்தணும்.”

“சத்தம் வருதா?”

“வரல. வர்றதுக்கு முன்னாடி மாத்து.”

“ஓடுற இன்ஜினப் பிரிக்கச் சொல்ற ஆள இப்பத்தாண்ணே பாக்குறேன்.”

போன மாசம் இதே ஷெட்டில் இதே மாடல், இதே வயசுக் கார் ஒன்று பிரிந்து கிடந்தது. இன்ஜினுக்குள் செயின் ஓடும் தடத்தில் இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டைதான் கைடு. அது உடைந்து, செயின் பல் தாண்டி, வால்வெல்லாம் பிஸ்டனில் மோதி வளைந்து போயிருந்தது. ஆயில் சட்டியில் பட்டைத் துண்டுகள், முட்டை ஓடு மாதிரி. “நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சுங்க” என்று வண்டிக்காரர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பின் சீட்டில் செ. படுத்திருக்க, பாடாலூர் பக்கம் வெயிலில் நம் வண்டி அப்படி நின்றால்? அதோடு முடிவு பண்ணிவிட்டேன்.

வெங்காயத்தைக் குவித்து மூடிவைக்கும் என் பட்டறையும் அதேதான். நாற்றம் வந்தபிறகு பிரித்தால் பாதிச் சரக்கு போச்சு. நாற்றம் வருமுன் நடுவில் கைவிட்டுப் பார்ப்பவன் வியாபாரி.

திங்கள் சாயந்திரம் வண்டி தருவதாக ஆரோக்கியம் சொன்னான்.

சனி, ஜூன் 7

மேல்காற்று. கடை வாசல் முழுக்க வெங்காயத் தோல், கூட்டக் கூட்டப் பறக்கிறது. விதை வெங்காயம் கேட்டு அரும்பாவூர்ப் பார்ட்டி இரண்டு முறை போன்.

மூன்று மணிக்கு ஆரோக்கியம். “நேர்ல வந்து பாருங்கண்ணே.” பஸ் பிடித்துப் போனேன். உட்கார இடமில்லை. முழங்கால் வலி.

இன்ஜின் முன்பக்கம் திறந்து கிடந்தது. நான் வாங்கிவந்த கைடைக் கையில் எடுத்து, கட்டை விரலால் லேசாக வளைத்தான். டக்.

“எத்தன வருஷ ஸ்டாக்குண்ணே இது?”

“பழசுதான். ஒரிஜினல்.”

“காய வச்சு விக்க இது என்ன வெங்காயமா? பிளாஸ்டிக்குண்ணே. சும்மா கெடந்தாலே மொறுமொறுத்துப் போவும்.”

சிரிக்காமல் சொன்னான். அவன் சிரித்திருந்தால் தேவலை. வெங்காயத்தில் புதுசு ஈரம், அழுகும். காய்ந்த பழசுதான் நிற்கும், விலையும் கூட. முப்பது வருஷப் புத்தி. பெட்டியில் தூசியைப் பார்த்ததும் அந்தப் புத்திதான் கையை நீட்டியது. மூட்டை தூக்கி மேலே வந்தவன், ஒருத்தனும் என் தலையில் பழசைக் கட்டியதில்லை என்று பேசித் திரிந்தவன். கடைக்காரன் ஏமாற்றினான் என்று சொல்லவும் வழியில்லை. பழசு என்று சொல்லித்தான் விற்றான்.

பழைய கைடையே திரும்பப் போடு என்றேன். “கழட்டினதத் திருப்பிப் போட்டா அப்புறம் எதுக்குண்ணே பிரிச்சோம்?” நியாயம்.

புது கைடு சென்னையிலிருந்து வரவேண்டும். நாளை ஞாயிறு, அவன் கோயிலுக்குப் போய்விடுவான். ஆக செவ்வாய்க்கு வண்டி இல்லை.

செ.யிடம் இன்று சொல்லவில்லை.

திங்கள், ஜூன் 9

பார்ஸல் போட்டாச்சாம், நாளை வரும். பொருத்தி, கவருக்குப் பேஸ்ட் தடவி, ஒரு ராத்திரி காயவிட வேண்டும். வியாழன்தான்.

செ.யிடம் சொன்னேன். ரசம் தாளித்துக்கொண்டிருந்தாள், அதுவும் எனக்கு மட்டும். அவளுக்குத் தண்ணீருக்குக்கூட அளவு உண்டு.

“நல்லா ஓடுற வண்டியத்தானே பிரிச்சீங்க?”

“சத்தம் வந்தப்புறம் பாத்தா லேட்டு.”

கரண்டியைக் கழுவி வைத்தாள்.

அவள் என்ன நினைத்திருப்பாள் என்று தெரியும். ஏழெட்டு வருஷம் முன்பு சாயந்திரமானால் அவளுக்குக் கால் வீங்கும். நாள் முழுக்கக் கடையில் நின்று தரம் பிரிப்பாள், வீங்காமல் என்ன செய்யும் என்றேன். டாக்டர் ரத்தம், சிறுநீர் ஒரு தடவை பார்த்துவிடச் சொன்னார். பட்டறை பிரிக்கிற சீசன் முடியட்டும் என்றேன். நன்றாகத்தானே நடமாடுகிறாள் என்றேன். எத்தனை சீசன் முடிந்தது.

வாடகைக் கார் வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாமென்று தலையசைத்துவிட்டாள். “நம்ம லோடு வண்டி இருக்குல்ல, அதுல போவோம்.”

நாளைக்கு: தார்ப்பாய். காலி சாக்கு இருபது. தலையணை 2. வாளி. பழைய புடவை. டீசல்.

செவ்வாய், ஜூன் 10

போகும்போது முன்னால் உட்கார்ந்து வந்தாள். சரி.

வரும்போது உட்கார முடியவில்லை. பிரஷர் இறங்கி, காலில் தசை பிடித்து, முகம் வெளுத்து. ஆஸ்பத்திரியில் ஒரு மணி நேரம் படுக்க வைத்து, பிரஷர் ஏறிய பிறகுதான் விட்டார்கள். லோடு வண்டியின் பின்னால் சாக்குகளை அடுக்கி, தலையணை போட்டு, மேலே தார்ப்பாயைக் கூடாரம் மாதிரி கட்டிப் படுக்க வைத்தேன். வாசலில் நின்ற ஜனம் முழுக்கப் பார்த்தது.

“மூட்டையாட்டம் ஏத்திட்டீங்க” என்றாள்.

“எடை கொறஞ்ச மூட்டை.”

“எகத்தாளத்துக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல.”

பின்னால் தனியாக இருப்பவளை எப்படிப் பார்ப்பது? கேபின் தகரத்தில் மோதிரத்தால் தட்டிக்கொண்டே வா, தட்டுகிற வரைக்கும் ஓட்டுவேன் என்றேன். டொக் டொக். விட்டு விட்டு டொக். சமயபுரம் டோல் வரை கேட்டது. அதைத் தாண்டி ஒன்றும் இல்லை.

எங்கே நிறுத்தினேன், பின்னால் வந்தவன் எப்படித் திட்டினான், எதுவும் தெரியாது. செருப்பு ஒன்று வண்டியிலேயே கிடந்தது. ஏறித் தார்ப்பாயைத் தூக்கினால், தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் திறந்து, குறட்டையோடு.

எழுப்பவில்லை. தார் ரோட்டில் ஒரு கால் சுட நின்றேன். அப்புறம் பெரம்பலூர் வரை முப்பதுக்கு மேல் போகவில்லை.

புதன், ஜூன் 11

செ. எழுந்திருக்கவில்லை. இரண்டு இட்லி. கடையைத் திறக்க மனசில்லை, திறந்தேன். பார்ஸல் வந்து சேர்ந்ததாம். புது கைடு நன்றாக வளைகிறதாம். போனில் வளைத்துக் காட்டினான்.

வியாழன், ஜூன் 12

அரியலூர். ஸ்டார்ட் செய்து காட்டினான். போன வாரம் கேட்ட அதே சத்தம்தான். வேறு என்ன எதிர்பார்த்தேன்?

கழற்றிய பழைய கைடுகளைக் கேட்டு வாங்கினேன். துடைத்து, வெயிலில் திருப்பித் திருப்பி, போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு கீறல் இருந்தால் போதும், செவ்வாய்க்கிழமை அவள் பட்ட பாட்டுக்குக் கணக்குச் சரியாகிவிடும்.

“என்னண்ணே தேடுறீங்க?”

“விரிசல்.”

“இல்லண்ணே. நானும் பாத்துட்டேன். செயின் ஓடின தடம் மட்டும் இருக்கு.”

“எவ்வளவு நாள் தாங்கியிருக்கும்?”

“நாளைக்கும் போயிருக்கலாம், இன்னும் அம்பதாயிரம் கிலோமீட்டரும் ஓடியிருக்கலாம். விரிசல் இல்லன்னு எவனாச்சும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவானா?”

துண்டில் சுற்றி எடுத்து வந்தேன். ஏனென்று தெரியவில்லை.

வெள்ளி, ஜூன் 13

நாலே முக்கால். காற்று இல்லை. சாவியைத் திருப்பினேன். செ. பின் சீட்டில் மெத்தையைத் தடவிப் பார்த்தாள்.

“முன்ன மாதிரிதானே இருக்கு?”

“அதேதான்.”

சிறுவாச்சூர் வளைவு வந்தது. வெள்ளிக்கிழமை, கோயில் நடை திறக்கும் நாள். வழக்கம்போல் உட்கார்ந்தபடியே கும்பிட்டாள். அப்புறம் கேட்டாள்.

“பழசு ஒடஞ்சிருந்துச்சா?”

பொய் சொல்லியிருக்கலாம். சரக்கு விஷயத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

“இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு.”

“அப்ப வீணாத்தான் பிரிச்சீங்க.”

“வீணாத்தான்.”

சிரித்தாள். செவ்வாய்க்குப் பிறகு இப்போதுதான். கொஞ்ச தூரம் போனதும், கோபமே இல்லாமல், ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்:

“என்னையும் ஒரு தடவ வீணாப் பாத்திருக்கலாம்.”

பாடாலூர் தாண்டினோம். இன்ஜின் நன்றாகத்தான் ஓடியது.