கோப்பர்நிக்கஸுக்கு இருட்டு வேண்டாம்

வெள்ளானூர்
8.2.2025

அன்புள்ள ஆக்னஸுக்கு,

போனில் பேசினால் சண்டைதான் வருகிறது, எழுதிப் போடுங்கள் என்றாய். எழுதுகிறேன். நலம். சாப்பாடு தினமும் ரசமும் அப்பளமும்தான்.

நேற்று சாயங்காலம் புது டெலஸ்கோப்பில் கோப்பர்நிக்கஸ் பள்ளத்தைப் பார்த்தேன். நிலாவில் அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. உள்ளே பாதி நிழல், நடுவிலுள்ள குன்றுகள் மேல் வெயில். விளிம்பிலிருந்து குளத்துப் படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. வழக்கம்போல் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். நீயும் வரைந்திருப்பாய்.

இங்கே இருட்டில் வானம் அள்ளிக்கொண்டு போகிறது. உன் அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. மாதக் கடைசிக்குள் வந்துவிடு.

உன்
ஜஸ்டின்

---

முகப்பேர்
13.2.2025

அன்புள்ள உங்களுக்கு,

படம் கிடைத்தது. குன்றுகள் அழகு. பள்ளத்துக்கு வடக்கே இருக்கும் கார்பேத்திய மலையைத்தான் சாப்பிட்டுவிட்டீர்கள்.

நானும் அன்று நம் மொட்டைமாடியில் பழைய டெலஸ்கோப்பில் வரைந்தேன், எதிர்க் கடை விளக்கு முகத்தில் அடிக்க. அனுப்பியிருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிலா பார்க்க இருட்டு எதற்கு? மங்கலான நட்சத்திரக் கூட்டமெல்லாம் உங்கள் ஆசை. எனக்கு நிலா போதும். அங்கே வீடு வாங்குமுன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பங்குச் சாமியாரை வீடு மந்திரிக்கக் கூப்பிட்ட பிறகல்லவா எனக்கே சொன்னீர்கள்?

நேற்று பௌர்ணமி. பள்ளம் பள்ளமாகவே தெரியவில்லை. பள்ளம் விழுந்த அன்றைக்கு அது வாரியிறைத்த புழுதிதான் சுற்றிலும் வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன், அழுகை வந்துவிட்டது. இப்போது கோபமில்லை, வருத்தம்தான். நான் அங்கே குடிவரப் போவதில்லை.

ரசத்தோடு ஒரு முட்டையாவது பொரித்துக்கொள்ளுங்கள்.

ஆக்னஸ்

---

வெள்ளானூர்
17.2.2025

ஆக்னஸுக்கு,

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. எல்லாம் உனக்காகத்தானே என்று எழுதிப் பார்த்தேன். எழுதிய பிறகு எனக்கே அது பொய்யாகத் தெரிந்தது, கிழித்துப் போட்டேன். படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உன்னுடையதுதான் தெளிவு.

மார்ச் எட்டாம் தேதி, சனிக்கிழமை, கோப்பர்நிக்கஸில் மறுபடி விடிகிறது. முகப்பேர் மாடியில் உன் பக்கத்தில் நின்று பார்க்க ஆசை. ஆவடி வழியாக வந்தால் இருட்டுவதற்குள் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அப்புறம்தான் உறைத்தது, உன்னைக் கேட்கவேயில்லை.

வரலாமா?

ஜஸ்டின்

---

முகப்பேர்
20.2.2025

அன்புள்ள உங்களுக்கு,

வாருங்கள். மீன் குழம்பு வைக்கிறேன். பார்த்து, வரைந்து, சாப்பிட்டுவிட்டு அன்றைக்கே வெள்ளானூருக்குத் திரும்பிவிட வேண்டும்.

அடுத்த மாதமும் கேளுங்கள்.

ஆக்னஸ்