தேய்த்து வைத்த நாணயம்

என்னங்க,

உங்கள் கோணல் நாணயத்தைப் பளபளவென்று தேய்த்து வைத்திருக்கிறேன். அச்சடிக்கும்போது நழுவி, பாதித் தலை விளிம்புக்கு வெளியே போய்விட்டதே, அதைத்தான். கறுத்துக் கிடந்தது. எலுமிச்சைத் தோலில் உப்பைத் தொட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அரைமணி நேரம் தேய்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாணயச் சங்கத்துப் பூதக்கண்ணாடிக்காரி வந்தால் காட்டுங்கள். ஒரே கண்ணாடிக்கு மேல் இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்ப்பீர்களே! "தப்பா அச்சாகி வந்தாத்தாங்க அழகே" என்றாள் அவள். நீங்களும் அப்படிக் குழைந்து சிரித்தீர்கள். என் தெத்துப்பல்லை மட்டும் போட்டோ எடுக்கும்போதெல்லாம் மூடிக்கொள்ளச் சொல்வீர்கள்.

எனக்கு ஒன்றும் வயிற்றெரிச்சல் இல்லை.

"பாவம், விவரம் தெரியாம தேய்ச்சுட்டா" என்று அவளிடம் என்னை விட்டுக்கொடுக்காமல் பேசுவீர்கள். வேண்டாம். "தேய்ச்சா மதிப்பே போயிடும், அப்புறம் இது வெறும் சில்லறைதான்" என்று போன வாரம் அவளுக்கு விளக்கினீர்களே, அப்போது உங்கள் இருவருக்கும் காபி எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன்.

இப்படிக்கு,
உங்கள் தெத்துப்பல்லுக்காரி